பட்டாவும் பத்திரமும்: சேலம் சீமையின் நிலச்சொற்கள்

நிலத்தைப் பற்றிப் பேசும்போது சேலம், நாமக்கல் சமவெளி மக்கள் அன்றாடம் ஆளும் சொற்கள் இரண்டு. ஒன்று பட்டா, மற்றொன்று பத்திரம். பெரும்பாலான வீடுகளில் இவ்விரண்டும் ஒரே தகரப்பெட்டிக்குள், ஒரே மஞ்சள் பைக்குள் கிடக்கின்றன. சேர்ந்தே கிடப்பதால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்ற எண்ணமும் நம்மிடையே ஊறிவிட்டது. "பட்டா எங்கள் பேரில் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், "நிலம் எங்களுடையது" என்றே கேட்போர் பொருள் கொள்கின்றனர். சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. பட்டா என்ற சொல் பிறந்த வரலாறும் அவ்வாறு கொள்ள இடந்தருவதில்லை.

ஒத்த பொருளுடையன போலத் தோன்றும் சொற்களை வேறுபடுத்திக் காட்டுவது இலக்கணிகளின் பழைய வேலை. ஆயின் சட்டச்சொற்களில் அவ்வேறுபாடு நயம் பற்றியது மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் தோட்டம், கிணறு, குடியிருப்பு அனைத்தும் அதில் அடங்கியிருக்கின்றன. நிலம் பற்றிய சட்டச்சொல் ஒவ்வொன்றும் இரண்டு தரப்பாருக்கு இடைப்பட்ட ஓர் உறவைக் குறிப்பது என்பதே நாம் இங்கே சொல்ல விழைவது. "யாருக்கும் யாருக்கும் இடையே?" என்ற கேள்வியை அச்சொல்லிடம் கேட்டால் அதன் பொருள் விளங்கும், கேட்க மறந்தால், ஒரு சொல் மற்றொன்றின் இடத்தில் ஏறி அமர்ந்துகொள்ளும். பட்டாவுக்கு நேர்ந்தது அதுதான். அதன் கதை தொடங்கிய களங்களுள் நம் சேலம் சீமை முதன்மையானது.

நீங்கியதும் நீக்கியதும்

பட்டாவுக்கு வருமுன், அதற்கும் முந்திய சொல் இணைகள் சிலவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நிலம் விடப்பட்ட செய்தி வருமிடத்தில் 'குடிநீங்காத் தேவதானம்' என்ற தொடர் காணப்படுகிறது. வேறு சில இடங்களில் 'குடிநீக்கி' என்ற தொடர் வருகிறது. இரண்டும் தேவதானமே, இரண்டும் அரசன் கோயிலுக்கு விட்ட நிலமே. ஆனால் முன்னதில் அந்நிலத்தை உழுது வந்த குடிகள் அங்கேயே இருப்பர். அரசனுக்குச் சென்ற பங்கு இனிக் கோயிலுக்குச் செல்லும். பின்னதில் முன்னிருந்த குடிகளின் உரிமை நீக்கப்பட்டு நிலம் முழுமையாகக் கோயிலின் வசமாகும்.

நீங்குதல் தன்வினை, நீக்குதல் பிறவினை என்று வகுப்பறையில் நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். மெல்லின ஒற்று வல்லின ஒற்றாவதே அங்கு விதி. அந்த ஓர் ஒற்றின் மாற்றத்தில் ஒரு குடி ஊரில் இருப்பதும் ஊரைவிட்டுப் போவதும் அடங்கியிருந்தன என்பதை அவ்விலக்கணப் பாடத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இதே பாகுபாட்டை வேறு சொற்களாலும் நம் முன்னோர் குறித்தனர். இடைக்கால ஆவணங்களில் 'காராண்மை', 'மீயாட்சி' என்ற இரு சொற்கள் இணையாக வருகின்றன. உழுது பயிரிடும் உரிமை காராண்மை. அதன்மேல் நிற்கும் ஆட்சியுரிமை மீயாட்சி. பின்னாளில் இப்பாகுபாடே 'குடிவாரம்', 'மேல்வாரம்' என்று வழங்கிற்று. வாரம் என்பது பங்கு. விளைச்சலில் அரசுக்கோ அரசின் இடத்தில் நின்றவருக்கோ சேர்வது மேல்வாரம். உழுபவனுக்கு நிற்பது குடிவாரம். ஆகவே "இந்நிலம் யாருடையது?" என்ற கேள்விக்குப் பழைய வழக்கில் ஒற்றை விடை கிடைப்பதில்லை. ஒரே வயலின்மேல் இரண்டு உரிமைகள், ஒன்றையொன்று அழிக்காமல், அடுக்காக இருந்தன.

கொங்குப் பகுதியில் இவற்றோடு 'காணி' என்ற சொல்லும் உண்டு. எண்பதில் ஒரு பங்கு என்னும் பின்னமும் காணிதான்; தொண்டை மண்டலத்தில் ஏறத்தாழ 1.32 ஏக்கர் கொண்ட நில அளவும் காணிதான். வழிவழி வந்த நிலவுரிமையும் காணிதான். கொங்கு ஊர்களில் காணியாளர் என்போர் நிலத்தோடு ஊர்க்கோயில் முறைமையிலும் உரிமை உடையோர். கும்பினியார் வந்தபோது தொண்டை மண்டலத்துக் காணியாட்சியை 'மிராசு' என்ற அரபுச் சொல்லால் அறிந்தனர். மிராசு என்றால் மரபுரிமைச் சொத்து. இவ்வுரிமையின் இயல்பை விளக்கி 1818-ல் எல்லிஸ் துரை ஒரு நூலே வெளியிட வேண்டியிருந்தது. காணி என்ற சொல்லைப் பிறமொழிச் சொல் ஒன்றால் பெயர்த்தவுடன் பொருளும் பெயர்ந்துவிடவில்லை என்பதற்கு அந்நூல் எழுந்ததே சான்று.

1792: பட்டா வந்த வழி

1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி திப்பு சுல்தான் கும்பினிக்கு விட்டுக்கொடுத்த நாடுகளுள் பாராமகாலும் சேலமும் அடங்கும். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இவற்றின் நிர்வாகத்துக்கு அமர்த்தப்பட்டார். அவருக்குத் துணையாக மூவர் வந்தனர்: தாமஸ் மன்றோ, வில்லியம் மக்லியாட், ஜேம்ஸ் கிரஹாம். நால்வரும் படைவீரர்கள். இவர்களுள் மக்லியாடின் பொறுப்பில் இருந்த தென்பிரிவுதான், இன்றைய சேலம் நாமக்கல் சமவெளி. அக்கால ஆவணங்கள் இதைத் 'தாலகாட்' என்று குறிக்கும். மலைக்குக் கீழ்நாடு என்பது கருத்து.

ரீட் செய்த முதற்பெரும் வேலை நிலங்களை அளந்ததே. வயல் வயலாக அளந்து, ஒவ்வொரு வயலுக்கும் தீர்வை குறித்து, இடைத்தரகர் இன்றிக் குடியானவனிடமே நேராக வசூலிக்கும் முறை இங்கே படிப்படியாக உருவாயிற்று. இதுவே பிறகு 'ரயத்துவாரி' என்று பெயர் பெற்றது. இம்முறையில் குடியானவனுக்கு ஆண்டுதோறும் ஒரு தாள் தரப்பட்டது. அவன் பெயர், அவன் வசமுள்ள வயல்கள், அவன் கட்ட வேண்டிய தீர்வை ஆகியவை அதில் இருக்கும். அத்தாளின் பெயர் பட்டா.

அதைப் பெற்றுக்கொண்ட குடியானவன் வாளா இருக்கவில்லை. இன்ன நிலத்தை ஏற்றுக்கொண்டேன், இன்ன தொகையைக் கட்டுவேன் என்று அவனும் ஒரு தாள் எழுதிக் கொடுக்க வேண்டும். அதன் பெயர் 'முச்சலிக்கை'. துருக்கிய மொழியிலிருந்து பாரசீகம் வழியாக நம்மிடம் வந்த சொல் இது. கட்டுப்பட்டு எழுதித் தரும் முறி என்பது பொருள். பட்டா அரசின் கையிலிருந்து குடியின் கைக்குச் சென்றது. முச்சலிக்கை குடியின் கையிலிருந்து அரசின் கைக்குச் சென்றது. இரண்டும் சேர்ந்தே ஓர் ஒப்பந்தம். ஆங்கிலேயச் சட்டவாணரும் இவ்விரு சொற்களையும் இணைத்தே எழுதினர்.

இவ்விணையில் அரசும் குடியும் பேசிக்கொண்டது தீர்வையைப் பற்றி. அண்ணன் தம்பிக்குள் யாருக்கு எத்தனை பங்கு, அத்தை மகளுக்கு உரிமை உண்டா, போன தலைமுறையில் நிலத்தை விற்றவர் விற்கத் தகுதியுடையவரா என்பவை எல்லாம் அங்கே பேச்சுக்கே வரவில்லை. அரசுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே: இவ்வயலுக்குக் கிஸ்தி கட்டப்போவது யார்?

1796 டிசம்பர் 10 அன்று ரீட் வெளியிட்ட அறிவிப்பு சேலம் மாவட்ட வரலாற்றில் புகழ்பெற்றது. அளந்து விதித்த தீர்வை என்றென்றைக்கும் நிலையானது என்றும், குடியானவன் தன் முயற்சியால் நிலத்தை மேம்படுத்தினால் அதற்காக அரசு மேலும் கேட்காது என்றும் அது உறுதி கூறிற்று. வேண்டாத வயலை விட்டுவிடவும் வேண்டிய வயலை ஏற்கவும் குடிக்கு உரிமை தந்தது. அந்த 'என்றென்றைக்கும்' எத்தனை காலம் என்பது பிறகு பெரும் வாதத்துக்கு உள்ளாயிற்று. சேலம் பற்றி 1853-ல் நூல் எழுதிய டைக்ஸ் அவ்வுறுதிமொழியை வலியுறுத்தினார். ஆனால் பின்வந்த நிலவரித் திட்டங்கள் விகிதங்களை மாற்றவே செய்தன. எனினும் விட விரும்பிய வயலைக் குடியானவன் அரசிடமே விட்டுவிடலாம் என்ற அந்த விதி, பட்டா எவ்வகை ஆவணம் என்பதை நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

மிட்டாவும் ஜமீனும்

ரயத்துவாரி இங்கே வேர் பிடிக்குமுன் வேறொரு காற்று வீசிற்று. வங்காளத்தில் 1793-ல் நடைமுறைக்கு வந்த நிரந்தர நிலவரித் திட்டத்தைச் சென்னை மாகாணத்திலும் புகுத்தும்படி மேலிடம் பணித்தது. ஜமீன்தார்கள் இல்லாத சேலம் போன்ற இடங்களில் ஜமீன்தாரை உண்டாக்க வேண்டியிருந்தது. சில ஊர்களைச் சேர்த்து ஒரு கூறாக்கி, அதன் வசூல் உரிமையை ஏலத்தில் விட்டனர். அக்கூறு 'மிட்டா', ஏலத்தில் எடுத்தவர் 'மிட்டாதார்'.

மிட்டாவும் ஜமீனும் ஒன்றே எனக் கொள்வார் உளர். 1802-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டம் இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது உண்மைதான். ஆனால் பழைய ஜமீன்கள் பல, பாளையப்பட்டுகளின் தொடர்ச்சி. படையும் காவலும் நடத்திய குடும்பங்களின் வழிவந்தவை. மிட்டாவோ அரசு வரைபடத்தில் கோடிட்டு உண்டாக்கி விலைக்கு விட்ட ஒன்று. விலைக்கு எடுத்தவருள் பலர் தவணை கட்ட இயலாமல் சில ஆண்டுகளிலேயே மிட்டாவை இழந்தனர். அவை அரசிடமே திரும்பின. நிலைத்தவையும் சில உண்டு. தருமபுரிப் பக்கம் மிட்டா நூலஹள்ளி, மிட்டாரெட்டிஹள்ளி, சேலத்தை ஒட்டி ஜாகீர் அம்மாபாளையம், அக்ரகாரம் நாட்டாமங்கலம், பரமத்தி வேலூர்ப் பக்கம் ஜமீன் இளம்பள்ளி என்று ஊர்ப்பெயர்களின் முன்னொட்டாக இப்பழைய வருவாய்ச் சொற்கள் இன்றும் வாழ்கின்றன. அப்பேருந்து நிறுத்தங்களைக் கடக்கும் நாம், அவை யாவும் வெவ்வேறு வகை நில ஏற்பாடுகளைக் குறித்த சொற்கள் என்பதைப் பெரும்பாலும் நினைப்பதில்லை.

மிட்டாதாருக்கு அரசு கொடுத்த ஆவணம் 'சன்னது'. அதன் முழுப்பெயரில் 'மில்கியத்' என்ற சொல் இருந்தது. உடைமை என்பது அதன் பொருள். 25-ஆம் சட்டமும் மண்ணின் உடைமை இவர்களிடம் உள்ளது என்ற தொனியிலேயே பேசிற்று. அதே ஆண்டின் 30-ஆம் சட்டமோ, மிட்டாதார் தம் குடிகளுக்குப் பட்டா கொடுத்து அவர்களிடம் முச்சலிக்கை பெற வேண்டும் என்றது. ஆக ஒரே வயலுக்கு மேலே ஒரு சன்னதும் கீழே ஒரு பட்டாவும் வந்து சேர்ந்தன. சன்னது கையிலிருந்தவர் "ஊரையே வாங்கினேன்" என்றார். குடிவாரம் உடையவரோ "என் பாட்டன் காலம் தொட்டு நான் உழுகிறேன்" என்றார். மிட்டாதார் ஏலத்தில் எடுத்தது மேல்வாரத்தை. 'மில்கியத்' என்ற சொல்லோ முழு மண்ணையும் எடுத்தவர்போல அவரைப் பேசவைத்தது.

இருபது ஆண்டுகள் கழித்து இச்சிக்கலைத் தீர்க்க ஒரு சட்டம் வந்தது. 1822-ஆம் ஆண்டின் 4-ஆம் சட்டம், 1802-ஆம் ஆண்டுச் சட்டங்கள் குடிகள் முதலியோரின் உண்மையான உரிமைகளை வரையறுக்கவோ குறைக்கவோ அழிக்கவோ எழுந்தவை அல்ல என்று விளக்கிற்று. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர், முப்பது ஆண்டுகளுக்கு முன் பாராமகாலுக்கு ரீடின் துணைவராக வந்த அதே மன்றோ. ஒரு சொல் தன் எல்லையைத் தாண்டிப் பொருள் தந்துவிட்டது என்பதற்காகவே அரசு மற்றொரு சட்டம் இயற்ற நேர்ந்தது.

அச்சட்டத்தோடு வழக்குகள் ஓய்ந்துவிடவில்லை. பட்டாவும் முச்சலிக்கையும் மாற்றிக்கொண்டிராவிட்டால் வாரப்பாக்கிக்கு வழக்கிட முடியாது என்று 1865-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1908-ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச்சட்டம் குடியின் நிலையான உரிமையை உறுதிசெய்தது. இறுதியாக 1948-ஆம் ஆண்டின் 26-ஆம் சட்டம் ஜமீன்களையும் மிட்டாக்களையும் ஒழித்து ரயத்துவாரியாக்கிற்று. 1963-ஆம் ஆண்டுச் சட்டங்கள் எஞ்சிய இனாம்களை ஒழித்தன.

துணையிழந்த சொல்

மிட்டாதார் போனபின் முச்சலிக்கைக்கு வேலையில்லாமல் போயிற்று. பட்டா மட்டும் நின்றது. இணையில் ஒரு சொல் மறைந்ததும், மற்றது எதற்கு எதிராக நின்று பொருள் தந்ததோ அந்த எதிர்முனை கண்ணுக்குத் தெரியாமல் ஆனது. 'நீ கொடுத்தாய், நான் எழுதித் தந்தேன்' என்ற பேச்சின் ஒரு பாதி மட்டும் பெட்டிக்குள் கிடந்தால், அதைப் பார்க்கும் பேரன் அரசு தன் பாட்டனுக்கு நிலத்தையே எழுதிக்கொடுத்ததாக எண்ணுவது இயல்புதானே?

மேலும் ஒரு குழப்பம் சேர்ந்தது. பட்டா என்ற ஒரே சொல் இன்று வெவ்வேறு எடையுடைய தாள்களைக் குறிக்கிறது. முதலாவது, வருவாய்த்துறைப் பதிவில் இன்னார் பெயர் உள்ளது என்று காட்டும் வழக்கமான பட்டா. 1983-ஆம் ஆண்டின் பட்டா கணக்குப் புத்தகச் சட்டம் பேசுவது இதைப் பற்றியே. இரண்டாவது, 1948, 1963 ஆகிய ஆண்டுகளின் ஒழிப்புச் சட்டங்களின்கீழ், விசாரணை நடத்தித் தரப்பட்ட ரயத்துவாரிப் பட்டா. இதன் எடை கூடுதல். ஆனால் நிலவரித் திட்ட அலுவலரின் முடிவே எல்லாவற்றுக்கும் இறுதி அன்று, உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு மூடப்படவில்லை என்று 1985-ல் இராமலிங்கசாமிகள் மடம் வழக்கில் உச்சநீதிமன்றம் கூறியுள்ளது. மூன்றாவது, நிலமற்றோருக்கும் மனையற்றோருக்கும் அரசு தன் நிலத்தை நிபந்தனைகளோடு அளிக்கும் ஒப்படைப் பட்டா. இங்கே உண்மையாகவே அரசு கொடுப்பவர், குடி பெறுபவர். இம்மூன்றாவதைக் கண்ட கண்ணால் முதலாவதையும் பார்ப்பதால்தான் பட்டாவை உரிமையாவணமாக மக்கள் கொள்கின்றனர்.

வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் சொத்துரிமை பிறப்பதுமில்லை, அழிவதுமில்லை என்று உச்சநீதிமன்றம் 1996-லும் 2007-லும் அதற்குப் பின்னும் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறது. தீர்வை கட்டும் பொறுப்பாளரைக் காட்டுவதே அப்பதிவின் நோக்கம் என்பது அத்தீர்ப்புகளின் சாரம். அறிந்தோ அறியாமலோ, 1790-களில் பட்டாவுக்கு இருந்த பொருளையே நீதிமன்றம் மீட்டுத் தருகிறது.

அப்படியானால் பத்திரம்? வடமொழியில் இலை என்று பொருள்படும் சொல் அது. நம்முடைய 'ஓலை'யும் அவ்வாறே இலையிலிருந்து ஆவணமானது. விற்பவருக்கும் வாங்குபவருக்கும், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே நிகழ்ந்ததைச் சொல்வது பத்திரம். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டமும் அதற்கு வலுவளிக்கின்றன. ஆனால் பத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. தனக்கு இல்லாத உரிமையை ஒருவர் எத்தனை முத்திரைத்தாளில் எழுதிப் பதிந்தாலும் வாங்கியவருக்கு அது வந்து சேராது. அதனால்தான் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் பார்க்கச் சொல்கின்றனர் வழக்கறிஞர்கள். பட்டா அரசோடு பேசுகிறது. பத்திரம் மனிதரோடு பேசுகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று இருப்பதாகக் கொள்ள இயலாது.

ஒத்தியும் கிரயமும்

தனிமனிதர் இருவருக்கு இடைப்பட்ட சொற்களிலும் இதே மயக்கம் உண்டு. ஒற்றி என்னும் பழஞ்சொல்லே பேச்சில் ஒத்தி ஆயிற்று. கடன் கொடுத்தவர் நிலத்தையோ வீட்டையோ தம் வசம் எடுத்துக்கொண்டு, வட்டிக்குப் பதிலாக அதன் பயனை நுகர்வது ஒத்தி. போக்கியம் என்பதும் அதுவே. நுகர்தற்குரியது என்பது அதன் நேர்ப்பொருள். அடமானம் என்று பொதுவாக நாம் சொல்வதில் நிலம் கடன்காரர் வசமே இருக்கும். கடனுக்கு அது ஈடு மட்டுமே. கிரயம் என்பது விலை; அங்கே மீட்பு என்ற பேச்சு இல்லை.

ஒத்தியின் உயிர் மீட்பில் இருக்கிறது. கடனைத் திருப்பிக் கொடுத்தால் நிலம் திரும்பும் என்பதே அதன் இலக்கணம். இத்தனை ஆண்டு கழிந்துவிட்டது, இனி மீட்க முடியாது என்று சொல்லி ஒத்தி நிலத்தை ஒருவர் விழுங்கிவிட முடியாது என்று உச்சநீதிமன்றம் 2014-ல் தெளிவுபடுத்தியது. காலம் ஓடியதாலேயே போக்கியம் கிரயமாக மாறிவிடுவதில்லை.

ஆனால் நம் பகுதியில் அவசரக் கடன் பெரும்பாலும் வேறு உருவத்தில் வருகிறது. கடன் தருபவர் "கிரயமாகவே எழுதிக் கொடுத்துவிடு, பணத்தைத் தந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்கிறார். மனத்துக்குள் இருவருக்கும் அது அடமானம்தான். பதிவான தாளிலோ அது கிரயம். திருப்பித் தரும் நிபந்தனை அதே பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் அன்றி அத்தகைய விற்பனையை அடமானமாகக் கொள்ளலாகாது என்று 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு விதியைச் சேர்த்துவிட்டது. நிபந்தனை வாய்ச்சொல்லாகவோ தனித்தாளாகவோ இருப்பின், நிலம் போனதுதான். வாய் 'அடமானம்' என்றது, கை 'கிரயம்' என்று எழுதியது. நீதிமன்றத்தின் முன் கை எழுதியதே நின்றது.

நகரங்களில் வீட்டுக்குப் போக்கியம் பேசி இலட்சக்கணக்கில் பணம் கொடுப்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் ஆன போக்கியத்துக்குப் பதிவு வேண்டும் என்கிறது சட்டம். பதியாத முத்திரைத்தாளில் 'போக்கியம்' என்று எழுதினாலும், கொடுத்த பணத்துக்கு வீடு ஈடாக நிற்காமல் போகலாம்.

விடுதலை என்றொரு பத்திரம்

நம்மை மிகவும் உறுத்தும் சொல் ஒன்றை இறுதியாகக் குறிப்பிட வேண்டும். கூட்டுச் சொத்தில் தனக்குள்ள பங்கை மற்றப் பங்காளிக்கு விட்டுக்கொடுத்து எழுதும் ஆவணத்துக்கு 'விடுதலைப் பத்திரம்' என்று பெயர். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒவ்வொருவரும் தத்தம் பங்கைப் பெறுகின்றனர். விடுதலைப் பத்திரத்தில் ஒருவர் தம் பங்கை விடுகிறார். இரண்டிலும் எல்லாரும் கையொப்பமிடுகின்றனர், எல்லாரும் பதிவு அலுவலகத்துக்கு வருகின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றே.

தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் மகளுக்கும் மகனைப்போலக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை உண்டு. அதற்குமுன் மணமானவர்களை அச்சட்டம் விலக்கியிருந்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் அவ்விலக்கையும் நீக்கிற்று. சட்டம் தந்த உரிமையைச் சொல் எடுத்துக்கொள்வதைச் சிற்றூர்களில் நாம் பார்க்கிறோம். தந்தை இறந்தபின் பட்டா அண்ணன் பெயருக்கு மாறுகிறது. "பட்டாவே அண்ணன் பேரில்தானே இருக்கிறது, எனக்கென்ன இருக்கிறது" என்று தங்கை நினைக்கிறார். சில ஆண்டுகள் கழித்து "பாகத்துக்குக் கையெழுத்து" என்று அழைக்கும்போது போய் இடுகிறார். அவர் இட்டது விடுதலையில். அங்கே இரண்டு மயக்கங்கள் அடுத்தடுத்து வேலை செய்கின்றன: தீர்வை கட்டுபவரைக் காட்டும் தாளை உரிமைத்தாளாக எண்ணியது ஒன்று, விடுவதைப் பெறுவதாக எண்ணியது மற்றொன்று. அண்ணன் பெயரில் உள்ள பட்டா, அரசுக்கும் அண்ணனுக்கும் இடைப்பட்டது. அது தங்கையைப் பற்றி ஏதும் சொல்லவில்லை. அவருடைய பங்கை அழிக்கவும் இல்லை.

மனமுவந்து தம்பிக்கோ அண்ணனுக்கோ பங்கை விட்டுக்கொடுக்கும் பெண்களும் உண்டு. அது அவர்கள் விருப்பம். ஆனால் விடுவது எது என்று அறிந்து விட வேண்டும். அதற்குச் சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. கையெழுத்திடுமுன் பத்திரத்தின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பதும், இது யாருக்கும் யாருக்கும் இடையே என்று கேட்பதும் போதும்.

தமிழ் படித்தவர்களாகிய நாம் இதில் செய்யக்கூடியது சிறிதாயினும் உண்டு. அறிவியலுக்குத் தமிழில் கலைச்சொல் வேண்டும் என்று 1916 வாக்கிலேயே இராஜாஜி போன்றோர் சேலத்தில் கூடிச் சங்கம் அமைத்தனர். நிலச்சொற்களோ புதிதாக ஆக்கப்பட வேண்டியவை அல்ல. நம்மிடம் ஏற்கெனவே இருப்பவை, ஆனால் பொருள் மங்கியவை. குடிவாரம், மேல்வாரம், ஒற்றி, காணி என்பவற்றைக் கல்வெட்டுப் பாடத்தில் மட்டும் நடத்திவிட்டு, பட்டாவையும் விடுதலையையும் தாசில்தார் அலுவலகத்துக்கும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் விட்டுவிடுகிறோம். இரண்டும் ஒரே பாடம்தான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். சேலம், நாமக்கல், தருமபுரிப் பக்கத்துக் குடும்பங்களில் மிட்டாக் காலத்துத் தாள்கள் இன்னும் இருக்கக்கூடும். பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய பட்டாவோடு 'முச்சலிக்கை' என்ற தலைப்பிட்ட படி ஏதேனும் கிடைத்தால் கழித்துவிடாமல், ஒளிப்படம் எடுத்துப் பாதுகாத்து வையுங்கள். பட்டா என்ற சொல் முதலில் யாரிடம் என்ன பேசிற்று என்பதை அந்த ஒரு தாள் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிவிடும்.